ஆந்தை பொறித்த நாணயம்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் உணர்த்தும். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் பிறழாத நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியதன் பொருத்தத்தைப் பண்டைய கிரேக்கரின் வெள்ளிக் காசுகளில் தெளிவாகக் காணலாம்.

பழங்கிரேக்கம் ஒரு குடைக்கீழ் அமைந்த நாடன்று. நூற்றுக்கணக்கான நகர அரசுகள் அங்குத் தனித்தனியே ஆட்சி புரிந்தன. அவற்றுள் பல, தத்தம் சின்னம் பொறித்த காசுகளை வெளியிட்டன. எழுத்தறியாதவனும் காசைக் கண்ட அளவிலே ஊரை அறிந்துகொள்வான். ஈஜினாத் தீவினர் கடலாமையைப் பொறித்தனர். கொரிந்து நகரத்தார் பெகாசஸ் என்னும் சிறகுக் குதிரையைப் பொறித்தனர். ஆசியா மைனரிலிருந்த எபேசஸ் தேனீயைக் கொண்டது. தென் இத்தாலியில் குடியேறிய மெட்டபொன்டம் நகரத்தார், தம் விளைநிலத்தின் வளத்தை ஒரு வாற்கோதுமைக் கதிரால் உலகுக்கு உணர்த்தினர். ரோட்ஸ் தீவின் சின்னமோ ரோஜா மலர். கிரேக்க மொழியில் அம்மலரின் பெயரும் தீவின் பெயரும் ஒலியால் ஒத்தவை. நம் புலவர்கள் பாட்டில் அமைத்த சிலேடையை அவர்கள் வெள்ளியில் அமைத்தனர்!

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது ஏதென்ஸ் நகரின் நான்கு திராக்மா காசு. எடை ஏறத்தாழ 17 கிராம். ஒருபுறம் தலைக்கவசம் அணிந்த அதீனா. மறுபுறம் ஆந்தை, ஒலிவத் தளிர், நகரப் பெயரின் முதல் மூன்றெழுத்துகள். நம்மவர் தீநிமித்தமாகக் கருதும் ஆந்தை, அவர்களுக்கு அறிவுத் தெய்வத்தின் பறவை. மக்கள் அக்காசையே ‘ஆந்தை’ என்று வழங்கினர். வெள்ளி தூயதாகவும் எடை மாறாததாகவும் இருந்தமையால் எகிப்து வரையிலும் அது மதிப்புடன் ஏற்கப்பட்டது.

அவ்வெள்ளி லாரியம் சுரங்கங்களில் கிடைத்தது. கி.மு. 483ஆம் ஆண்டளவில் அங்கு வளமான படிவம் வெளிப்பட்டபோது, அச்செல்வத்தைக் குடிமக்கள் பங்கிட்டுக்கொள்ள எண்ணினர். தெமிஸ்டோக்ளீஸ் அதனைத் தடுத்துப் போர்க்கலங்கள் கட்டச் செய்தார். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் பெரும்படையை முறியடித்தவை அக்கலங்களே.

ஆயினும், இருள்சூழ்ந்த குறுகிய சுரங்கங்களில் அவ்வெள்ளியைத் தோண்டியவர்கள் அடிமைகள். ஸ்பார்ட்டாவுடன் நடந்த நெடும்போரில், கி.மு. 413ஆம் ஆண்டுக்குப்பின் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டோடினர். சுரங்கத் தொழில் நலிந்தது. கி.மு. 406ஆம் ஆண்டளவில் செம்பின்மேல் வெள்ளிமுலாம் பூசிய காசுகள் வெளிவந்தன. மேலே அதே ஆந்தை, உள்ளே செம்பு! நல்ல காசை ஒதுக்கித் தீயதைப் புழங்குவது போலவே நல்லோரை ஒதுக்கித் தீயோரை ஏற்கிறோம் என்று, கி.மு. 405இல் அரங்கேறிய ‘தவளைகள்’ நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் இடித்துரைத்தார். அடுத்த ஆண்டே ஏதென்ஸ் சரணடைந்தது.

இழந்த நம்பிக்கையை மீட்க அந்நகரம் அரிதின் முயன்றது. கி.மு. 375ஆம் ஆண்டையொட்டிய சட்டமொன்றைக் கூறும் கல்வெட்டு 1970இல் கண்டெடுக்கப்பட்டது. அதன்படி, அங்காடியில் ஒருவன் அமர்ந்து காசுகளைச் சோதிப்பான். செம்பு உள்ளீடுடைய காசை அவன் உடனே வெட்டிவிட வேண்டும். அவன் நல்லதென்று தேர்ந்த காசை ஏற்க மறுக்கும் வணிகனின் அன்றைய சரக்குப் பறிமுதலாகும். கடமை தவறினால் சோதிப்பவனுக்கு ஐம்பது கசையடி. ஏனெனில், அவனும் ஓர் அடிமையே!

2002 முதல் புழங்கும் கிரேக்க நாட்டின் ஒரு யூரோ காசிலும் அவ்வாந்தை வீற்றிருக்கிறது. அதனைக் காணும்போது நாம் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. சின்னம் என்பது ஒரு நகரம் உலகுக்கு அளித்த வாக்கு. அவ்வாக்குக்குரிய வெள்ளியைத் தோண்டியவனும் அடிமை. அதன் தூய்மைக்குச் சான்று பகர்ந்தவனும் அடிமை. பெருமை மட்டும் ஆந்தைக்குச் சேர்ந்தது.