ஒரே சுருக்குப்பை

கண்டி மலைநாட்டில் வெற்றிலை எங்களுக்கு முன்பே இருந்தது. 1660 முதல் ஏறக்குறைய 19 வருஷம் கண்டி அரசனின் கைதியாக இருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இந்த ஊராரின் வெற்றிலைப் பழக்கத்தை எழுதியிருக்கிறார். இங்கே விளைந்த பாக்கு தென்னிந்தியாவுக்குக் கப்பலேறியது. பின்னால் அங்கிருந்து எங்கள் பாட்டன் பூட்டன் வந்தார்கள். 1820களிலிருந்து கோப்பிக்கு வந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட பிறகு தேயிலைக்கு வந்தார்கள். வெற்றிலைப் பையும் கூடவே வந்தது.

பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு விடியக்காலைக் குளிரில் மலை ஏறுகிற பெண்ணுக்கு வெற்றிலைதான் சூடு. பத்து மணிப் பசிக்கும் அதுதான். சம்பந்தம் பேசினால் பாக்கு வெற்றிலை மாற்ற வேண்டும். லயத்தில் சண்டை போட்ட இருவர் சமாதானமானால், ஒருத்தி மடித்துக் கொடுக்க மற்றவள் வாங்கிப் போடுவாள். நானும் என் கூட்டாளியும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, தலைமன்னார் போகிற அழுகைக் கோச்சி எங்கள் உறவுகளை இந்தியாவுக்கு அள்ளிக்கொண்டு போன பிறகு அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான் மிஞ்சினோம். கொழுந்தெடுக்கப் போன நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சுருக்குப்பை.

அந்தப் பைக்குள் இருந்ததைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் ஒன்று சொன்னது: புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும். 2004இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கு மட்டுமே போதும் என்றது. பாக்கு வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த் திசுவை இறுகச் செய்கிறது. காரம் பட்டால் எரியும், வாய் திறப்பது வருஷத்துக்கு வருஷம் குறையும். 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் வாய்ப் புற்றுநோய் பற்றிய ஆய்வொன்றைப் பேராதனைப் பல் மருத்துவ பீடத்தார் வெளியிட்டார்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். எங்கள் பெண்களையும் அது விடவில்லை.

எனக்குக் கன்னத்தின் உள்பக்கம் வந்தது. வெட்டி எடுத்து, கரண்டும் (கதிர்ச் சிகிச்சை) வைத்தார்கள். அதற்குப் பிறகு தாடை இறுகிவிட்டது. அதைத் திறக்க, ஐஸ்கிரீம் குச்சி மாதிரியான தட்டைக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு நடுவில் கொடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பழகப் பழக ஒரு குச்சி கூடும். கண்ணில் தண்ணீர் வரும் வலி.

கூட்டாளி தினமும் வந்து எதிரே உட்காருவாள். எங்கள் பழைய கங்காணி வாய் நிறைய வெற்றிலையோடு பெரட்டில் பேர் கூப்பிடுவார். முத்தாயி 'முழாயி' ஆவாள், ராமாயி 'லாமாயி' ஆவாள். அதைக் கூட்டாளி இடுப்பில் கைவைத்து, தாடையைத் தூக்கி, எச்சில் வழியாமல் அண்ணாந்து அப்படியே செய்து காட்டுவாள். நான் சிரிக்கிற சமயம் பார்த்து, "வுடாத புள்ள, இந்தா இன்னொன்னு" என்று அடுத்த குச்சியைச் செருகிவிடுவாள். குச்சி மட்டும் கையில் இருந்திருந்தால் நான் பாதியில் விட்டிருப்பேன். சோறு பிசைந்து சாப்பிடுகிற அளவுக்கு என் வாய் திறந்தது அவளால்தான். இதை எந்த டாக்டரிடமும் சொல்வேன்.

அந்த ஒரே பையை அவள் தூக்கி எறிந்துவிட்டாள்.

இதைப் படிக்கிற தோட்டத்துப் பெண்களுக்கு: வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தால், இரண்டு கிழமையில் ஆறாத புண் இருந்தால், பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிதான், காசு கேட்கமாட்டார்கள். போகும்போது உங்களோடு வெற்றிலை போடுகிற கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போய், அவள் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.