அச்சுக்குக் கீழே வந்த நாய்

என் தாத்தா குமரிக் கடற்கரை முட்டத்திலிருந்து கருவாடு ஏற்றிப் போன மாட்டுவண்டியோடு எப்போதும் ஒரு நாய் போகும். கழுத்துக் கயிற்றை அச்சில் கட்டியிருப்பார்கள். பகலில் வண்டியின் நிழலிலும் இரவில் அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்திலும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அது நடந்து வரும். வண்டியை இழுப்பதே தான்தான் என்று நினைத்துக்கொள்ளுமாம் அந்த நாய். அப்படி ஒரு கேலிக் கதை நம் ஊர்களில் உண்டு. எனக்கு அந்தக் கதை பிடிக்காது. வண்டிக்காரர் கண்ணயர்ந்த பிறகு மாடுகள் பழகிய வழியில் தாமே போகும். மூட்டையில் கை வைக்க வருகிறவனை நாய்தான் பார்த்துக்கொள்ளும்.

நாகர்கோவில் வடசேரிச் சந்தையோடு திரும்பினால் ஓர் இரவுப் பாடுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பணகுடி, வள்ளியூர் என்று போனால் பல நாள் வண்டியே வீடு. வைக்கோல் கட்டு, புண்ணாக்குச் சாக்கு, சோற்றுப் பானை, பாய், அச்சுக்குப் போடும் மசகு எல்லாம் கூடவே வரும். மாட்டை அவிழ்த்துவிட்ட இடத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். கணவாய்க் காற்றில் அடுப்பு நிற்காது என்பதால், வண்டியைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி அதன் மறைவில் சோறு பொங்குவார்களாம். நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு ஒரு பழைய வேனில் படுக்கையும் அடுப்பும் வைத்து, இரண்டு நாய்களோடு ஊர் ஊராகப் போகிறேன். கணவாய்ப் பக்கம் நிறுத்தும்போதெல்லாம் நானும் வேனை அப்படித்தான் திருப்பிப் போடுகிறேன்.

இந்த வாழ்க்கையை வெளிநாட்டுப் பழக்கம் என்று சொல்கிறவர்களுக்கு அகநானூற்றின் 274ஆம் பாட்டைக் காட்டுவேன். இடைக்காடனார் பாடியது. உறி, பானை, தோல், தீக் கடையும் கோல் என்று தன் வீட்டையே கையோடு கொண்டுவந்த இடையன் ஒருவன் இரவுத் தூறலில் கோலூன்றி நிற்கிறான். அவன் உடம்பின் ஒரு பக்கம் நனைந்துகொண்டிருக்கிறது. நாக்கை மடித்து அவன் விடும் சீழ்க்கையைக் கேட்டு, குட்டிக்குக் குறிவைத்திருந்த நரி புதருக்குள் ஓடுகிறது. அந்தப் பாட்டில் நாய் இல்லை. நாயின் வேலையைச் சீழ்க்கை செய்கிறது. பிற்காலத்தில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்டிடையர்களான கீதாரிகள் கிடையோடு வரும்போது நாய்களும் வந்தன. அறுவடை முடிந்த வயலில் ஆட்டை மறித்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். வயல்காரர் அதற்கு முன்பு நெல் அளந்தார், இப்போது பணம் தருகிறார்.

தாத்தா போன திருவிதாங்கூர்ச் சாலைகளில் கல்மண்டபம் இருந்தது, கிணறு இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் எல்லாக் கூரையும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்த ராஜ்ஜியம் அது. எல்லாச் சாதிக்கும் கோயில் கதவு திறந்ததே 1936 நவம்பரில்தான். அந்தக் காலத்தில் தன் பானையும் பாயும் தன்னோடு வைத்திருந்தவன் யார் திண்ணையிலும் சாதி சொல்லி நிற்க வேண்டியதில்லை. வண்டிக்கு அடியில் நாயோடு படுத்துக்கொள்ளலாம். தாத்தாவின் பயணத்தில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

லாரி வந்தது, வண்டிகள் போயின. மாடு தண்ணீர் குடித்த கல்தொட்டிகளைச் சாலை அகலப்படுத்தும்போது பெயர்த்துப் போட்டார்கள். பெட்ரோல் பங்க்குகளில் எனக்குத் தண்ணீர் தருகிறார்கள். நாய்களைக் கண்டதும் வேறிடம் பார்க்கச் சொல்கிறார்கள். 2021இல் கேரளம் கேரவன் சுற்றுலாவுக்கு என்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கானது. சாலையிலேயே குடியிருக்கிறவனுக்கு வேண்டியது ஒரு குழாயும் ஒரு மரநிழலும். மத்தியானம் தார் சுடும்போது நாயை இறக்கி நடத்த முடியாது, மூடிய வண்டிக்குள் விட்டுவிட்டும் போக முடியாது. என் நாள் முழுவதும் நிழலைத் தேடுவதிலேயே போகிறது.

கும்பப்பூ அறுவடை முடிந்த ஒரு மாசியில் தேரூர்ப் பக்கம் வாத்துக்காரர் ஒருவரைப் பார்த்தேன். நெல்லைச் சீமைக்காரர். வலை வளைத்து வாத்துகளை அடைத்திருந்தார், பக்கத்திலேயே தார்ப்பாய்க் கூடாரம். விடியுமுன் வாத்துகள் முட்டையிட்டுவிடும். டார்ச் அடித்துப் பொறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

“அண்ணாச்சி, எனக்கு வயக்காரரு எடம் தாராரு. வாத்து எச்சம் வயலுக்கு ஒரம், பூச்சியையும் தின்னுட்டுப் போவுது. உங்களுக்கு யாரு தருவா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தாத்தா கருவாடு கொண்டுபோனார். கீதாரி எரு கொடுத்தார். அவர்கள் தங்கிய இடம் அவர்கள் சம்பாதித்த இடம். நான் என்ன கொண்டுவருகிறேன்?

அவரே சொன்னார்: “கீரி தொந்தரவு சாஸ்தியா இருக்கு. என் நாய்க்கும் வயசாயிட்டு. ஒங்க நாய்கள வரப்புல சங்கிலியில கெட்டுங்க. குரைச்சா போதும்.”

அவர் வாத்துகளை அடுத்த வயல்பத்துக்கு ஓட்டிப் போகும்வரை என் வேன் அங்கேதான் நின்றது. வயல்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை; பம்புசெட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்ளவும் சொன்னார்.