உலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகளில் தீ எரிவதில்லை. தண்ணீர் ஓடும் தாமிரக் குழாய்ச் சுருளில் மின்சாரம் பாய்கிறது. நடுவிலிருக்கும் இரும்பு தன்னுள் எழும் சுழல் மின்னோட்டத்தால் தானே காய்ந்து, 1538 டிகிரி செல்சியஸை எட்டி உருகுகிறது. ஆலைக்குள் இதற்குப் பெயர் ஃபர்னஸ். பீகாரிலிருந்து வந்த தொழிலாளிக்குப் பட்டி. (தமிழ்க் காதில் அது ஆடுமாடு அடைக்கும் பட்டியாக விழுகிறது, அவர்கள் படுத்துறங்கும் தகரக் கொட்டகைகளைப் பார்த்தவர்கள் இந்தத் தவறைப் பெரிதுபடுத்தமாட்டார்கள்.) உலை என்ற சொல் பெரும்பாலும் விபத்துக்கு மறுநாள் செய்தித்தாளில்தான் வருகிறது.

சொல் பழையது. குறுந்தொகை 12ஆம் பாட்டில் பாலைநிலத்துப் பாறைக்குக் கொல்லனின் உலைக்கல் உவமையாகிறது. மலையாளத்தில் ‘உல’ கொல்லனுடையது. கன்னடத்தில் ‘ஒலெ’ வீட்டடுப்பு. தமிழிலோ கொல்லனின் தீயும் உலைதான், அரிசிக்காகக் கொதிக்கும் நீரும் உலைதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்னும்போது நாம் நினைப்பது பானையை. இந்த நீர் அர்த்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உருகிய இரும்பில் ஈரமான துண்டு ஒன்று விழுந்தால் நீர் கணத்தில் ஆவியாகி வெடிக்கும். குழம்பு ஆள்மேல் தெறிக்கும். அடுக்களையில் எது உலையோ அதுவே இங்கே எமன்.

பிறகு விஞ்ஞானம் வந்தது. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி குழுவினர் கிராஃபைட் கட்டிகளை அடுக்கித் தொடர்வினையை நிகழ்த்தியபோது அதற்குப் பெயர் ‘பைல்’, வெறும் குவியல். பின்னால் ‘ரியாக்டர்’ ஆயிற்று. அதே ரியாக்டர் ரசாயனத்தில் வந்தால் நாம் வினைகலன் என்கிறோம். அணுவுக்கு மட்டும் உலை என்றோம். எதுவும் எரியாத ஒன்றுக்குக் கொல்லனின் நெருப்பைக் கொடுத்தது சொல்லாக்கத்தில் பிழை என்று வாதிடலாம். நான் வாதிட மாட்டேன். 1983 ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியபோது, அந்தப் பெயரைப் புரிந்துகொள்ள எந்த மீனவருக்கும் அகராதி தேவைப்பட்டிருக்காது.

ஆனால் ‘உலை வைத்தல்’ என்றால் ஒருவனுக்குக் கேடு சூழ்வது என்றும் பொருள். கலைச்சொல் செய்தவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ, மொழி மறக்கவில்லை. 2011இல் இடிந்தகரையில் உண்ணாவிரதம் தொடங்கியபோது அரசின் தாள்களில் இருந்தது ‘கூடங்குளம் அணுமின் நிலையம்’. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை அணு உலை என்றார்கள்.