சிடேக்ஸ்

சிடேக்ஸ் மூலநிரலுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் கருவி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவைப் புரட்டியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. ஒரு வேறுபாடு உண்டு. சொல்லடைவு ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் காட்டும். சிடேக்ஸ் பெரும்பாலும் ஒரு பெயர் வரையறுக்கப்பட்ட இடத்தை மட்டுமே காட்டும். அது எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேட, பெல் ஆய்வகத்தில் ஜோ ஸ்டெஃபன் எழுதிய சிஸ்கோப் இருக்கிறது.

சிடேக்ஸை பெர்க்லியில் எழுதியவர் கென் ஆர்னால்டு. ஜிம் கிளெக்னர் ஃபோர்ட்ரான் மொழிக்கான ஆதரவையும், விஐ எடிட்டரை உருவாக்கிய பில் ஜாய் பாஸ்கல் மொழிக்கான ஆதரவையும் அதில் சேர்த்தனர். 1979-இல் வந்த பெர்க்லியின் யூனிக்ஸ் பதிப்பான 3பிஎஸ்டியில் அது இடம்பெற்றது.

அதன் வேலை எளியது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியில், செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் படிகளை எண்ண ‘நிரல்பாகம் படி_எண்ணு’ என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சிடேக்ஸ் உருவாக்கும் டேக்ஸ் கோப்பில் அதற்கு ஒரே வரி: முதலில் பெயர், அடுத்து கோப்பின் பெயர், கடைசியில் தேட வேண்டிய வாசகம். வரி எண்ணை எழுதாமல் வாசகத்தை எழுதியதில்தான் ஆர்னால்டின் சாமர்த்தியம். மேலே பத்து வரி புதிதாகச் சேர்த்தாலும் அடையாளம் தப்பாது. விம் எடிட்டரில் பெயர்மேல் கர்சரை வைத்து கண்ட்ரோலுடன் வலது சதுர அடைப்பை அழுத்தினால் வரையறைக்குப் போகலாம்; கண்ட்ரோல்-டி பழைய இடத்துக்கே திருப்பிவிடும்.

1990-களில் டேரன் ஹீபர்ட் இதன் புதிய வடிவத்தை எக்ஸூபரன்ட் சிடேக்ஸ் என்று வெளியிட்டார். அதன் 5.8 பதிப்பு 2009-இல் வந்தது. பிறகு வளர்ச்சி நின்றது. அதிலிருந்து கிளைத்த யூனிவர்சல் சிடேக்ஸை மசதாகே யமாதோ முன்னின்று பராமரிக்கிறார். கருவிக்குத் தெரியாத மொழியை ரெஜெக்ஸ் எனும் தேடல் வடிவங்களால் கற்பித்துவிடலாம் என்பதால் எழிலுக்கும் வழி உண்டு. ஆனால் பெயர்களை அது யூனிகோடு வரிசையில் அடுக்கும். அங்கே ‘ந’வை அடுத்து ‘ன’, ‘ர’வை அடுத்து ‘ற’. நம் அகராதிக் கண்ணுக்கு உறுத்தும். தேடலுக்கு அதனால் குறைவில்லை.

மைக்ரோசாஃப்ட் 2016-இல் மொழிச் சேவையக நெறிமுறையை அறிவித்த பின், நிரலின் பொருளையே அலசிச் சொல்லும் சேவையகங்கள் பரவின. அவை கூர்மையானவை, நினைவகத்தையும் நிறைய கேட்பவை. செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில், கிராமப்புற மாணவர்களுக்கு விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு இலவசப் பயிற்சி தருகிறது. அப்படிப் படிக்க வரும் ஒருவர், பழைய மடிக்கணினியில் பிறர் எழுதிய பெரிய நிரலைப் பிரித்துப் பார்க்க டேக்ஸ் கோப்பு இன்றும் போதும்.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் கட்டளைப் பட்டியலில் சிடேக்ஸ் இன்னும் இருக்கிறது.