நேர்சாட்சியம் காதல் கதையானபோது: திரையில் இந்திய தேசிய ராணுவம், 1945–2020

2020 ஜனவரி 24 அன்று கபீர் கான் இயக்கிய ‘தி ஃபர்காட்டன் ஆர்மி’ என்ற குறுந்தொடர் ஐந்து அத்தியாயங்களாக அமேசான் பிரைமில் வெளியானது. முந்தின நாள் சுபாஷ் சந்திர போஸின் பிறந்த நாள், இரண்டு நாள் கழித்துக் குடியரசு தினம். இதே தலைப்பில், போஸின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி, 1999இல் அவரே ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார். ஒரே இயக்குநர் இருபதாண்டு இடைவெளியில் ஒரே போர்க்கதையை இருமுறை சொன்னதில் எது கூடியது, எது கழிந்தது? மலேயாத் தோட்டத் தமிழர் இரண்டாம் முறையில் ஓரத்துக்குப் போனார் என்பது என் கருத்து. அவரை ஓரம் கட்டும் வழக்கம் அதற்கும் வெகுகாலம் முந்தியது.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் போஸ் தலைமை ஏற்றபோது, சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மட்டுமல்லாமல் மலேயாவின் இந்தியக் குடிமக்களும் படையில் சேர அழைக்கப்பட்டார்கள். அப்படி வந்தவர்களில் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். வானம் பார்த்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் பலர். 1943 அக்டோபர் 21 அன்று போஸின் தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்ட இடம் சிங்கப்பூரின் கேத்தே, அதாவது ஒரு சினிமாக் கொட்டகை! மறுநாள் ஜான்சி ராணி படைப்பிரிவின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தளபதி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி சுவாமிநாதன். அணிவகுத்த பெண்களில் பெரும்பாலோர் இந்தியாவை ஒருமுறையும் கண்டிராத தமிழ்ப்பெண்கள். படையின் கட்டளைகளோ இந்துஸ்தானியில்.

இவர்கள் பர்மாவில் இருந்த காலத்தில் தமிழ்த்திரை எந்தப் பக்கம் நின்றது? போரின்போது பிலிம் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு விதித்திருந்தது. கச்சா பிலிமின் சாவி அரசின் கையில் இருக்கையில், போர் முயற்சிக்கு ஆதரவான படம் எடுக்கச் சொன்னால் மறுப்பது எளிதல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் ‘பர்மா ராணி’யைத் தந்தது. ஜப்பானியர் பிடித்த பர்மாவில் சிக்கும் இந்திய விமானப்படை வீரர்களின் கதை அது. இயக்கிய டி. ஆர். சுந்தரமே ஜப்பானியத் தளபதியாக நடித்தார். போர் முயற்சிக்கு ஆதரவான இன்னொரு படம், கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, வந்ததும் அதே ஆண்டில். போஸின் படை ஜப்பானியரோடு சேர்ந்து நின்ற அதே மண்ணை ‘பர்மா ராணி’ எதிரியின் மண்ணாகக் காட்டியது. சுந்தரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. தணிக்கைக்கு உட்பட்ட சினிமாவில் அன்று வேறு கதைக்கு இடமே கிடையாது.

போஸின் படை அதிகாரிகள் மீதான செங்கோட்டை வழக்கும் நாட்டின் விடுதலையும் காற்றை மாற்றின. 1950இல் இந்தியில் ‘சமாதி’ வந்தது. அசோக் குமார், நளினி ஜெய்வந்த் நடித்த அந்தப் படத்தில் ராணுவம் பின்னணி, காதலும் உளவும் முன்னணி. தமிழில் இந்தப் படைவீரர் பெரிய நட்சத்திரத்தின் உருவில் வந்தது 1996இல், ஷங்கரின் ‘இந்தியன்’ படத்தில். சேனாபதி போஸின் படையில் இருந்தவர். ஆனால் அந்த வரலாறு அங்கே லஞ்சத்தை எதிர்க்கும் கிழவருக்கான தகுதிச் சான்றிதழாகவே பயன்பட்டது.

1999 ஆவணப்படம் வேறு வகை. லட்சுமி சேகலும் குர்பக்ஷ் சிங் தில்லானும் தள்ளாத வயதில் சிங்கப்பூர், மலேசியா, பர்மா வழியே தங்கள் பழைய தடத்தில் மீண்டும் பயணம் போனார்கள். தில்லான் செங்கோட்டையில் கூண்டேறிய மூவரில் ஒருவர். லட்சுமி அந்த மூவரில் இன்னொருவரான பிரேம் சேகலை மணந்தவர். நடந்ததை நடத்தியவர்களே சொல்லும்போது கதைக்குத் தனி நாயகன் தேவைப்படவில்லை.

2006இல் தில்லான் இறந்தார், 2012இல் லட்சுமி. சாட்சிகள் போன பிறகுதான் தொடர் வருகிறது. அதில் லெப்டினன்ட் சோதியாக சன்னி கௌஷல், அவர் காதலிக்கும் சிங்கப்பூர்த் தமிழ்ப்பெண் மாயாவாக ஷர்வரி. முதிய சோதியாக எம். கே. ரைனா 1990களின் பர்மாவுக்குத் திரும்புகிறார். தமிழ்ப்பெண்ணைக் கதையின் மையத்தில் வைத்தது இந்தியில் அபூர்வம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் போரை நாம் பார்ப்பது அதிகாரியின் கண்ணால். அவருக்குப் பிரிட்டிஷ் படையில் எடுத்த சத்தியப்பிரமாணத்தை மீறலாமா என்ற தர்மசங்கடம் உண்டு. தோட்டத்துப் பால்மரம் வெட்டுபவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் எதற்காகச் சேர்ந்தார், கங்காணியின் அதட்டலிலிருந்து விலகி நிமிர்ந்து நடக்கவா, இரண்டு வேளைச் சோற்றுக்கா, போஸின் பேச்சுக்கா என்பதுதான் எனக்கு இன்னும் சுவையான கேள்வி. இந்தத் திரைக்கதை அதன் பக்கம் போகவில்லை.

நீளம் கிடைத்தால் ஒரு தொடரால் வேறு என்ன செய்ய முடியும்? ஜேம்ஸ் ஜோன்ஸின் ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ நாவல் 1951இல் வெளிவந்து 1953இல் படமாகி எட்டு ஆஸ்கர் பெற்றது. அமெரிக்க ராணுவத்தின் ஒத்துழைப்புக்காக அந்தப் படம் வளைந்துகொடுத்தது. நாவலில் பதவி உயர்வு பெறும் கேப்டன் படத்தில் பதவி விலக வைக்கப்படுகிறார். 1979இல் நடாலி வுட், வில்லியம் டிவேன் நடிக்க அது குறுந்தொடரானது. இரண்டு மணி நேரப் படம் சுருக்கியதை விரித்துச் சொல்ல அந்த வடிவத்தில் இடம் இருந்தது. கபீர் கானுக்கும் இடம் இருந்தது. அதை அவர் காதலுக்கும் குண்டுவெடிப்புக்கும் செலவிட்டார்.

வரலாற்றில் ஜான்சி ராணிகளுக்கு இம்பால் முனையில் போரிடும் வாய்ப்பு வரவில்லை. பர்மாவின் மேமியோவில் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது பகலில் பதுங்கி, இரவில் தாய்லாந்து எல்லை நோக்கி நடந்தார்கள். போஸும் அவர்களோடு நடந்தார். ஜானகி தேவர் அந்தப் பின்வாங்கலில் இருந்தவர், பிற்பாடு மலேசிய அரசியலில் பெயர் பெற்றவர். வெற்றியே இல்லாத அந்த நடை எந்தத் துப்பாக்கிச் சண்டையையும்விட வலிமையான காட்சி. எழுதுவதற்குத்தான் கடினம்.

தமிழில் இந்த ராணுவத்தின் கதையை எழுதியவர் ப. சிங்காரம். அதே பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்குப் போய், போருக்குப் பின் ஊர் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றியவர். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் அச்சேறியது. அதற்கு முந்திய ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையா ராணுவத்திலிருந்து பினாங்கு வட்டிக்கடைக்குத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதம் அவனை விரும்புகிறாள். துப்பாக்கி ஏந்திய கை பேரேட்டுக்கு உதவாது என்று முதலாளி கருதுகிறார். இதிலும் காதல் இருக்கிறது, ஆனால் அது போரை மறைக்கவில்லை. போர் ஒரு கடைப்பையனை என்ன செய்துவிட்டது என்பதை அதுவே காட்டுகிறது. ஐந்து அத்தியாயங்களுக்குக் கச்சிதமான கதை, செலவும் குறைவு. ஒரு கடைத்தெரு, சில நினைவுக் காட்சிகள், தமிழ் பேசத் தெரிந்த நடிகர்கள் போதும்.