சுட்ட பழமா, சுடாத பழமா? மைக்கேல் ஜாக்சனும் ஒரு 1953 சினிமாவும்

மும்பைக்கு மாற்றலாகி வரும் நண்பர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட ஆளாளுக்கு ஒரு வரிசை இருக்கும். மெரைன் டிரைவ், சித்திவிநாயகர், மாட்டுங்காவில் ஒரு ஃபில்டர் காப்பி. என் வரிசையில் கூடுதலாக ஒன்று உண்டு. ஆசாத் நகர் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் அந்தேரி ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ். இந்தியாவில் மைக்கேல் ஜாக்சன் கச்சேரி செய்த ஒரே இடம் அது. தேதி 1996 நவம்பர் 1. அப்போது நான் ஊரில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். மும்பை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது.

அந்தக் கச்சேரிக்கு மாநில அரசு கேளிக்கை வரி விலக்கு கொடுத்து, அது வழக்காகி, மூன்று கோடிக்கு மேற்பட்ட தொகை பல வருஷம் தொங்கி, கடைசியில் 2021-ல் அமைச்சரவை மறுபடி கூடி விலக்கு என்று முடிவு செய்தது. இருபத்தி நாலு வருஷம்! எங்கள் பேங்கில் வாராக்கடன் ஃபைல்கூட இவ்வளவு நாள் மேஜையில் இருந்ததில்லை :-)

சரி, மேட்டருக்கு வருவோம். 'ஹிஸ்டரி' சுற்றுப்பயணம் என்று பெயர். 1996 செப்டம்பரில் பிராக் நகரத்தில் ஆரம்பித்து 1997 அக்டோபரில் டர்பனில் முடிந்தது. மொத்தம் 82 கச்சேரி. அதில் ஜாக்சன் வெள்ளை சூட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, 1930-களின் கேங்ஸ்டர் மாதிரி ஆடும் 'ஸ்மூத் கிரிமினல்' என்ற பாட்டு உண்டு. உடம்பை வளைக்காமல், கட்டை மாதிரி முன்பக்கம் சாய்ந்து, விழாமல் மறுபடி நிமிர்வாரே, அதேதான். 'டேஞ்சரஸ்' என்று இன்னொரு பாட்டும் உண்டு. இந்த இரண்டுக்கும் அப்பா ஒரே படம். அது 1953-ல் எம்ஜிஎம் கம்பெனி எடுத்த 'தி பேண்ட் வேகன்'.

வின்சென்ட் மினெல்லி டைரக்ட் செய்த மியூசிக்கல் அது. ஃப்ரெட் ஆஸ்டேர், சிட் சாரிஸ் ஜோடி. மார்க்கெட் போன ஒரு டான்ஸ் ஹீரோ மறுபடி மேடைக்கு வருவதுதான் கதை. ஆஸ்டேருக்கே அப்போது ஐம்பது தாண்டிவிட்டது, அதனால் பாதி அவர் கதை மாதிரியே இருக்கும். படத்தின் கடைசியில் 'கேர்ள் ஹன்ட்' என்று பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும் ஒரு நடன நாடகம் வருகிறது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட மிக்கி ஸ்பிலேனின் துப்பறியும் நாவல்களைக் கிண்டலடிப்பது அது. (நம்ம ஊர் பாக்கெட் நாவலை யாராவது டான்ஸாக ஆடினால் எப்படி இருக்கும்? அப்படி.) வெளிர் நிற சூட், அடர்ந்த நிறத்தில் சட்டை, தொப்பி என்று ஆஸ்டேர் துப்பறிவாளராக வருகிறார். ஒரு மட்டமான பார், அடியாட்கள், சிவப்பு உடையில் சாரிஸ், பின்னணியில் ஆஸ்டேரின் குரல். சண்டையும் டான்ஸும் எங்கே பிரிகிறது என்றே தெரியாது. நடன அமைப்பு மைக்கேல் கிட்.

இதைப் பார்த்துவிட்டு, 1988-ல் வந்த 'மூன்வாக்கர்' படத்தில் 'ஸ்மூத் கிரிமினல்' பாருங்கள். சூட், தொப்பி, கிளப், அடியாட்கள் எல்லாமே வீடு மாறி வந்த சாமான் மாதிரி தெரியும். 'டேஞ்சரஸ்' பாட்டில் ஜாக்சன் பேசும் வசனத்திலும் ஆஸ்டேரின் அந்தப் பின்னணிக் குரலின் வாசகங்கள் சில கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன.

நாமெல்லாம் இந்த இடத்தில் என்ன செய்வோம்? "சுட்டுட்டான்யா" என்று ஒரு பதிவு போடுவோம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. டான்ஸ் கிளாஸ் போகும் என் மகள் இரண்டு வீடியோவையும் பார்த்துவிட்டு, "அப்பா, இது காப்பிதானே?" என்றாள். வீட்டுத் தங்கமணி அவள் கட்சி. எனக்கு அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு சொல்ல முடியவில்லை.

முதலாவது, ஜாக்சன் இதை ஒளித்து வைக்கவே இல்லை. 1983-ல் டிவி நிகழ்ச்சி ஒன்றில் அவர் முதன்முதலாக மூன்வாக் ஆடியதைப் பார்த்துவிட்டு, மறுநாளே போன் போட்டுப் பாராட்டியவர் ஆஸ்டேர். 1987-ல் ஆஸ்டேர் இறந்தார். அடுத்த வருஷம் வந்த ஜாக்சனின் சுயசரிதை அவருக்குத்தான் சமர்ப்பணம்.

இரண்டாவது, வாங்கியதை அவர் அப்படியே வைத்திருக்கவில்லை, மேலே சேர்த்தார். அந்தச் சாய்வு ஆஸ்டேரிடம் கிடையாது. படத்தில் கம்பி கட்டிச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் எதிரே கம்பி கட்டிக்கொண்டு ஆட முடியுமா? அதற்காக ஒரு ஷூ செய்தார்கள். குதிகாலில் ஒரு பள்ளம். சரியான நேரத்தில் மேடைத் தரையிலிருந்து ஒரு முளை எழும்பும், குதிகாலை அதில் மாட்டிக்கொண்டு சாய வேண்டும். ஜாக்சனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 1992 ஜூனில் விண்ணப்பித்து, 1993 அக்டோபரில் அமெரிக்கப் பேடன்ட் வாங்கினார்கள். எண் 5,255,452. பராமரிப்புக் கட்டணம் கட்டாததால் 2005-ல் அது காலாவதியாகிவிட்டது. ரெனியூவல் தேதியை மறப்பவர்களைத் தினம் பார்க்கிற எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சண்டிகர் பிஜிஐ ஆஸ்பத்திரியின் நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டர்கள் மூன்று பேர் 2018-ல் இந்தச் சாய்வைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். நல்ல பயிற்சி உள்ள டான்ஸருக்கே 25, 30 டிகிரிதான் முடியுமாம். ஜாக்சன் காட்டியது 45.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கடன் என்று வந்துவிட்டால், கொடுத்தவரின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆஸ்டேர் யாரிடம் வாங்கினார்?

ஜான் பபிள்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடம் ஆஸ்டேர் டாப் டான்ஸ் பாடம் கேட்டதாக பபிள்ஸே சொல்லியிருக்கிறார். 1936-ல் வந்த 'ஸ்விங் டைம்' படத்தில் பில் ராபின்சன் என்ற கறுப்பின நடன மேதைக்கு மரியாதை செய்வதாக ஆஸ்டேர் ஆடிய நடனத்தின் பாணி பெரும்பாலும் பபிள்ஸுடையது என்பார்கள். ஆடியது எப்படி? முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு! மரியாதை செய்கிறவர் நிறத்தைப் பூசிக்கொண்டார். மரியாதைக்குரியவர்களுக்கு அந்த ஹாலிவுட்டில் பெரும்பாலும் வேலைக்காரன் வேஷம்தான்.

'பேண்ட் வேகன்' படத்திலேயே இது இருக்கிறது. ஆரம்பத்தில் ஆஸ்டேர் ஒரு ஷூ பாலிஷ் போடுபவரோடு சேர்ந்து ஆடுவார். அந்த மனிதர் லெராய் டேனியல்ஸ். லாஸ் ஏஞ்சல்ஸில் நிஜமாகவே பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கறுப்பினத்தவர். பிரஷ்ஷைத் தட்டித் தாளம் போடுவதைப் பார்த்தால், அந்தக் காட்சியின் உயிர் யாரிடம் இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். டைட்டில் கார்டில் அவர் பெயர் இல்லை.

இன்னும் ஒன்று. இதே மினெல்லி 1943-ல் எடுத்த 'கேபின் இன் தி ஸ்கை' முழுக்கக் கறுப்பின நடிகர்கள் நடித்த படம். அதில் பில் பெய்லி ஆடி முடித்துப் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே வெளியே போவார். மூன்வாக் என்று உலகம் வாய் பிளந்ததற்கு நாற்பது வருஷம் முன்னால்!

ஆக, அந்தேரி மேடையில் ஏறிய அந்த வெள்ளை சூட்டை வெறும் காப்பி என்று நான் எழுதமாட்டேன். ஒரு வீட்டு நகை கை மாறிப் போய், வேறு வீட்டில் மெருகேறி, பேரன் கையில் திரும்பி வந்த மாதிரி. ஆஸ்டேர் போட்ட மெருகையும் கழிக்க முடியாது, அது நிஜமான உழைப்பு. ஆனால் பெய்லி, பபிள்ஸ், டேனியல்ஸ் பெயரை விட்டுவிட்டு இந்த லெட்ஜரை டேலி செய்ய முடியாது.

நம்ம பக்கம் கணக்கு 1993 'ஜென்டில்மேன்' படத்தில் பிரபுதேவாவுக்கு வந்து சேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். 1999-ல் மியூனிக்கில் ஜாக்சன் நடத்திய நிதி திரட்டும் கச்சேரியில் ரஹ்மான், ஷோபனாவோடு அவரும் மேடை ஏறினார். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

2009-ல் லண்டனில் 50 கச்சேரி என்று அறிவித்துவிட்டு, ஒத்திகை நடக்கும்போதே ஜூன் 25 அன்று ஜாக்சன் இறந்துபோனார். அந்த ஒத்திகைகளைத் தொகுத்து வந்த 'திஸ் இஸ் இட்' படத்தில் 'ஸ்மூத் கிரிமினல்' மேடைக்காக எடுத்த ஒரு துண்டு இருக்கிறது. ரீட்டா ஹேவொர்த் வீசும் கையுறையை ஜாக்சன் பிடிக்கிறார், ஹம்ஃப்ரி போகார்ட் துரத்துகிறார். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குள் அவரையே நுழைத்துவிட்டார்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதானால் வரிசை இதுதான்: முதலில் பில் பெய்லி, அப்புறம் லெராய் டேனியல்ஸின் பாலிஷ் பெட்டி, அப்புறம் 'கேர்ள் ஹன்ட்', கடைசியில் ஜாக்சன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். என் மகள் டேனியல்ஸை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னாள்.