சட்டைப்பையில் ஓர் இசைப்பேழை

மொழியையே இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் போற்றியவர் தமிழர். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வடபுலம் வந்து வாழும் நம்மனோர்க்கு அவற்றுள் இசையே எளிதில் உடன் வருவது. நூல்களைப் படிக்கப் பொழுதில்லை. நாடகம் காண மேடையில்லை. பாட்டோ பணியிடத்தும் பயணத்தும் துணை நிற்கிறது. அந்தப் பாட்டைத் தமிழன் எப்படிச் சுமந்து வந்தான் என்பதும் ஒரு வரலாறே. ஆண்டு மலரில் அரசர் வரலாறும் ஆலய வரலாறும் எழுதப் புலமை மிக்க அன்பர்கள் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் புகைவண்டி நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் எழுத்தராகிய யாம், எம் சட்டைப்பையில் கிடந்த ஒரு சிறு பொருளின் வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

இசையைப் பெட்டியில் அடைக்கும் தொழில் இந்நாட்டில் வேரூன்றியது நாம் வாழும் இவ்வங்க மண்ணிலேதான். 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் பாடிய பாடல்கள் இசைத்தட்டில் பதிவாயின. 1908இல் சியால்டாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை எழுந்தது. ஆயினும் இசைத்தட்டு வசதியுள்ளார் வீட்டுக் கூடத்தை விட்டு நகரவில்லை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஒலிநாடா, அதாவது கேசட், பாட்டைப் பையில் ஏற்றியது. 1979இல் ஜப்பானியரின் சோனி வாக்மன் அதனை இடுப்பில் ஏற்றியது. யாம் 2003ஆம் ஆண்டு கரக்பூரில் பணியேற்க வந்தபோது எம் பெட்டியில் உடை பாதி, கேசட்டு பாதி. நாடா சிக்கினால் பென்சிலை நுழைத்துச் சுற்றிய கை இன்றும் அதனை மறக்கவில்லை.

இதற்கிடையே ஜெர்மனி நாட்டு எர்லாங்கன் நகரத்து பிரான்ஹோபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் ஒலியைச் சுருக்கும் வழியைத் தேடிக் கொண்டிருந்தனர். குறுந்தட்டில் ஒரு வினாடி இசைக்கு ஏறத்தாழ பதினான்கு இலட்சம் குறிகள் வேண்டும். நான்கு நிமிடப் பாடலுக்கு 42 மெகாபைட் இடம் வேண்டும். இதனைப் பதினொன்றில் ஒரு பங்காக்கினர். எவ்வாறெனின், மனிதன் செவிக்கு எட்டாதவற்றை நீக்கிவிட்டனர். எஞ்சின் ஊதும்போது நடைமேடையில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு நமக்குக் கேட்பதில்லை அன்றோ? அவ்வாறே பேரொலியின் நிழலில் மறையும் சிற்றொலிகளைக் கணக்கிட்டுக் களைந்தால், நான்கு மெகாபைட்டுக்குள் பாடல் அடங்கிவிடும். இதற்கு எம்.பி.3 என்னும் பெயர் 1995ஆம் ஆண்டு ஜூலையில் முடிவாயிற்று.

சுருக்கிய பாட்டை வைக்க நாடாவும் வேண்டா, தட்டும் வேண்டா. ஜப்பானியப் பொறியியலாளர் புஜியோ மசுவோகா தோஷிபா நிறுவனத்தில் கண்ட பிளாஷ் நினைவுச் சில்லே போதும். மின்சாரம் நின்றாலும் அது எழுதியதை மறவாது. 1998இல் கொரியா நாட்டில் எம்பிமேன் என்ற கருவி வந்தது. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ரியோ என்ற கருவி 200 டாலருக்கு வந்தது. இவற்றின் கொள்ளளவு 32 மெகாபைட். எட்டுப் பாடல்களுக்கு மேல் அடங்கா. ஆயினும் இசைத்தட்டு நிறுவனத்தார் அஞ்சி ரியோவின் மீது வழக்குத் தொடுத்தனர். 1999இல் மேல்முறையீட்டு மன்றம் கருவியின் பக்கமே தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பு வேறாகியிருப்பின் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபாட் வந்தது. ஆயிரம் பாடல் கொள்ளும். விலை 399 டாலர். அந்நாளைய மாற்றுக் கணக்கில் ஏறத்தாழ 19,000 ரூபாய். எமது தொடக்க அடிப்படை ஊதியமோ 3,200 ரூபாய். ஆறு மாத ஊதியத்தை ஒரு பாட்டுப் பெட்டிக்கு ஈவார் எவர்?

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் ஐபாடின் புகழைப் பாடி நின்றுவிடும். எம் போன்றோர்க்கு வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. சீன நாட்டின் ஜூஹாய் நகரத்து ஆக்ஷன்ஸ் நிறுவனம் முதலியோர், பாடும் வேலை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி மலிவாக விற்றனர். அதை வாங்கிப் பேரில்லாப் பட்டறைகள் எண்ணற்ற கருவிகளைச் செய்து குவித்தன. 2006ஆம் ஆண்டு துர்க்கா பூசைக்கு முன், கல்கத்தா சாந்தினி சவுக்கில் ஒரு நடைபாதைக் கடையில் யாம் அதில் ஒன்றை 1,100 ரூபாய்க்கு வாங்கினோம். சிகரெட் லைட்டர் அளவு. நீல ஒளி வீசும் சிறு திரை. ரிமோட்டுக்கு இடும் சிறு பேட்டரி ஒன்று. 256 மெகாபைட் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. முதல் நாளிலேயே முப்பத்து மூன்றாம் பாடலுக்குப் பின் வந்தவை எல்லாம் உடைந்து கரகரத்தன. உள்ளே இருந்தது 128 மட்டுமே என்று பின்னர் அறிந்தோம். திரும்பிச் சென்றபோது கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை.

ஏமாற்றம் பெரிதாயினும் அக்கருவியோடு வாழப் பழகினோம். முப்பது பாடல்களுக்கே இடமுண்டு என்னும்போது தேர்வு வேண்டும். ஞாயிறுதோறும் கணினி மையத்தில் அமர்ந்து, எதை நீக்குவது, எதை ஏற்றுவது என்று வழக்குரைப்போம். 'அன்னக்கிளி' ஒருபோதும் இடம் பெயர்ந்ததில்லை. 'ரோஜா' இரு முறை சென்று மீண்டது. இன்று கோடிப் பாடல் கைப்பேசியில் கிடைத்தும், அம்முப்பதைக் கேட்டது போல் எதனையும் நாம் கேட்பதில்லை என்பதே உண்மை. பேட்டரி தளர்ந்தால் நின்ற இடத்தை மறந்து முதற்பாட்டுக்கே திரும்பும். காதுக்கருவியின் கம்பி மாதந்தோறும் அறும். இரவுப் பணியில் உடனிருந்த ஒரியா நண்பர் ஒரு காதும் யாம் ஒரு காதும் வைத்துக் கேட்போம். பொருள் தெரியாமலே அவர் தமிழ்ப் பல்லவிகளை முணுமுணுக்கக் கற்றார். கோரமண்டல் விரைவு வண்டியில் ஊர் திரும்புகையில், கோதாவரிப் பாலத்தின் இரைச்சலில் பாட்டு மறைந்து, பாலம் கடந்ததும் மீளும்.

அக்கருவியில் ஒலிவாங்கியும் இருந்தது. நேர்த்தியான பதிவு, நெடிய பதிவு என இருவகை. 2007ஆம் ஆண்டு தை மாத விடுப்பில் தஞ்சை மாவட்டத்து எம் சிற்றூருக்குச் சென்றபோது, அன்னையாரைத் திண்ணையில் அமர்த்தி அவர் வயலில் பாடிய நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் பதிந்தோம். இடம் மிச்சமாகட்டும் என்று நெடிய பதிவையே தேர்ந்தோம். அதுவே பிழையாயிற்று. நெடிய பதிவு எம்.பி.3 ஆகப் பதியாது. 'ஆக்ட்' என்னும் தனி வடிவில் பதியும். அதனைத் திறக்கும் மென்பொருள் பெட்டியோடு வந்த சிறு குறுந்தட்டில் மட்டுமே இருந்தது. அத்தட்டை யாரிடம் கொடுத்தோம் என்பதே நினைவில்லை. 2009இல் அன்னையார் மறைந்தார். மறு ஆண்டு கருவியும் உயிர் விட்டது. முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்த கோப்பு மட்டும் எஞ்சியது. அதனை எந்தக் கணினியும் பாட மறுத்தது. அன்னையின் குரல் கையில் இருந்தும் செவிக்கு எட்டாத நிலை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

அதற்குள் உலகம் மாறிற்று. கைப்பேசியே பாட்டுப் பெட்டியாயிற்று. 2016இல் ஜியோ வந்தபின் இணையத்திலிருந்தே பாட்டுக் கேட்பது எளியோர்க்கும் வழக்கமாயிற்று. 2017இல் எம்.பி.3க்கான உரிமக் கட்டண முறை முடிவுற்றது. அதே ஆண்டு சரிகம நிறுவனத்தார் ஐயாயிரம் பழம்பாடல்களைப் பெட்டியில் அடைத்துக் காரவான் என விற்றதும், முதியோர் அதனை விரும்பி வாங்கியதும், கைக்கு அடங்கிய பாட்டின் மீது மக்களுக்குள்ள பற்றைக் காட்டும். 2022இல் ஐபாடும் நிறுத்தப்பட்டது.

2022ஆம் ஆண்டு பொங்கல் விழாவுக்கு நம் சங்கத்துக்கு வந்த ஐ.ஐ.டி. மாணவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதனைச் சொன்னோம். அவர் பென் டிரைவை வாங்கிச் சென்றார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர் கூடி இலவசமாக வளர்த்துவரும் எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருளில், வழக்கொழிந்த அவ்வடிவத்துக்கும் எவரோ வழி செய்து வைத்திருந்தனர். மறுநாள் மாலை அவர் வந்து திறந்து காட்டினார். குரல் பழைய தொலைபேசியில் கேட்பது போல் மெலிந்திருந்தது. பின்னணியில் சேவல் கூவிற்று. இரண்டாம் பாட்டின் நடுவே நிறுத்தி, “டேய், அது ஓடுதாடா?” என்று கேட்டார் அன்னையார். அன்று யாம் சொன்ன மறுமொழியும் அதில் பதிவாகியிருந்தது. வீட்டில் எவரும் அதன்பின் நெடுநேரம் பேசவில்லை.

இவ்வரலாற்றால் யாம் தெளிந்தது ஒன்று. திரைப்பாடல்களைக் காக்க நிறுவனங்கள் உள்ளன. அவை எக்காலத்தும் எப்படியும் கிடைக்கும். நம் இல்லத்து முதியோர் குரலைக் காக்க நம்மையன்றி எவருமிலர். புகைவண்டித் தொழிலின் பொருட்டு இவ்வூருக்கு முதலில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் மூத்தோர் ஒருசிலரே இன்று நம்மிடையே உள்ளனர். அவர்தம் பாட்டையும் பழங்கதையையும் வந்த வழியையும் சங்கத்தின் சார்பில் பதிந்து வைத்தல் வேண்டும். எல்லாக் கருவியிலும் திறக்கும் பொது வடிவில் பதிதல் வேண்டும். ஒரே இடத்தில் வையாது மூன்று இடங்களில் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும். செலவு மிகச் சிறிது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஐந்து பெரியோர் குரலேனும் சேருமாயின், அதற்கான எழுத்து வேலையை ஏற்க யாம் ஆயத்தமாக உள்ளோம். அன்பர்கள் முன்வருக.